மலைவீட்டு மேசைக்கு எந்த ஸ்டாம்ப், எந்த மை, எந்தத் தாள்?

குன்னூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் சிறு வகுப்புக்கு வருகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுவது, “எதை வாங்கட்டும்?” என்பதைத்தான். ஸ்டாம்ப் அடித்து, மை தடவி, டிசைன் தாளை வெட்டி ஒட்டி, மேலே கொஞ்சம் வாட்டர்கலர் விட்டு ஒரு வாழ்த்து அட்டையோ குறிப்பேட்டுப் பக்கமோ செய்கிற வேலை இது. மிக்ஸ்டு மீடியா என்கிறார்கள். பொருள் சேர்க்க மூன்று வழி இருக்கிறது. வெளிநாட்டு செட்டை ஆன்லைனில் வரவழைக்கலாம். ஊரில் ரப்பர் ஸ்டாம்ப் கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கலாம். இல்லையென்றால் செதுக்குவது, சாயமேற்றுவது என்று எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாம்.

பலர் இதில் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு மூன்று பொருளுக்கும் அதையே போட்டுப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை. மைக்குப் பணம் செலவழியுங்கள், வெளிநாட்டுச் சரக்காக இருந்தாலும் சரி. ஸ்டாம்பை இங்கேயே செய்துகொள்ளுங்கள். டிசைன் தாளுக்குக் காசே கொடுக்காதீர்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

மையில் தொடங்கக் காரணம் நம் ஊர்க் காற்று. ஆடி மாதம் ஊட்டியிலும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அந்த அறையில் எந்த மை காயும் என்பதுதான் முதல் கேள்வி. நிறம் அழகா என்பது அப்புறம். “இரண்டு நிமிடம் காயவிடுங்கள்” என்று வீடியோவில் சொல்கிறவர்களுக்கு நம் மழைக்காலம் தெரியாது.

மலிவானது ஆபீஸ் ஸ்டாம்ப் பேட். ஊதா, கறுப்பு, சிவப்பு, பச்சை எல்லாம் எந்த ஊர் ஸ்டேஷனரி கடையிலும் உண்டு. இந்த மையில் சாயத்தோடு கிளிசரின் மாதிரி ஈரம் காக்கும் திரவம் ஒன்றும் சேர்ந்திருக்கும். பேட் திறந்து கிடந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அது. ஆனால் அதே திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வழவழப்பான தாளில் அடித்தால் மழைக்காலத்தில் மறுநாளும் கையில் ஒட்டும். தண்ணீர் பட்டால் ஓடும், வெயிலில் வெளுக்கும். இத்தனை குறை சொன்னாலும் என் மேசையில் ஒரு ஊதா பேட் எப்போதும் இருக்கும். அடித்த கையோடு ஈரத் தூரிகையால் தொட்டால் கோடு கரைந்து ஓரமெல்லாம் படர்கிறது. குறிஞ்சிப் பூ வரைய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பழகுவதற்கும் குறிப்பேட்டுக்குள் மூடி வைக்கிற பக்கங்களுக்கும் இது போதும். இன்னொருவருக்குக் கொடுக்கிற அட்டைக்கு வேண்டாம்.

கைவினைக்கென்றே விற்கும் சாய மை அடுத்த படி. இது தாளின் நாருக்குள் இறங்கிவிடுவதால் மூடுபனியிலும் ஓரளவு சீக்கிரம் காய்ந்துவிடும். நிறங்களும் ஏராளம். இதிலேயே ரேஞ்சர் நிறுவனத்தின் டிஸ்ட்ரெஸ் மை மாதிரி, தண்ணீர் தெளித்தால் நிறம் பிரிந்து திட்டுத் திட்டாக மாற வேண்டும் என்றே செய்யப்பட்ட மைகளும் உண்டு. ஸ்பாஞ்சால் தேய்த்துப் பின்னணிக்கு நிறம் ஏற்ற இவை அருமையானவை.

ஆனால் சாய மைக்கு வெளிச்சம் எதிரி, மலையில் வெளிச்சம் கடுமை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது பொதுக் கணக்கு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். குளிராக இருக்கிறதே என்று நாம் வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். தை மாதக் காலையில் மேகமே இல்லாத வானத்திலிருந்து இறங்கும் வெயில், தெற்கு ஜன்னல் பக்கம் மாட்டிய சாய மைப் படத்தை வெளுத்துவிடும். சட்டம் போட்டு மாட்டுகிற வேலை என்றால் சாய மையை நம்பாதீர்கள். ஆல்பத்துக்குள் போவது என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சுவரில் மாட்டுவதற்கு உரியது பிக்மென்ட் மை. இதில் நிறம் கரைந்திருக்காது. நுண்ணிய துகளாக மிதந்து, அடித்ததும் தாளின் மேலேயே படியும். அதனால் நிறம் அடர்த்தி, வெளிச்சத்தையும் தாங்கும். சிக்கல் என்னவென்றால் மெதுவாகக் காயும், பூச்சு பூசிய பளபளத் தாளில் காயவே காயாது. மலையில் மழைக்காலத்தில் இது பெரிய தொல்லை. இதற்கு வழி இருக்கிறது, எம்பாசிங் பவுடர். ஈரமாக இருக்கும் பிக்மென்ட் மையின் மேல் நிறமில்லாத பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன் என்கிற சூடான காற்றுக் கருவியால் சூடு காட்டினால் பவுடர் உருகிக் கண்ணாடிப் படலமாக மையை மூடிவிடும். காயக் காத்திருக்கவே வேண்டாம். சமவெளிக்காரர்களுக்கு எம்பாசிங் ஒரு அலங்காரம். நமக்கு மழைக்காலத்தில் அது அவசியம்.

ஹேர் டிரையர் இதற்கு ஆகாது. அது பவுடரை ஊதித் தள்ளும், உருக்கும் அளவு சூடும் வராது. ஹார்டுவேர் கடையில் பெயின்ட் உரிக்க விற்கும் பெரிய ஹீட் கன் மறு கோடி, தாளைக் கருக்கிவிடும். கைவினைக்கான சிறியதையே வாங்குங்கள். இன்னொன்று, தாளில் ஈரமோ கையின் எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பவுடர் தேவையில்லாத இடத்திலெல்லாம் ஒட்டும். ஸ்டாம்ப் அடிக்கும் முன்பு கொஞ்சம் டால்கம் பவுடரைத் துணி முடிச்சில் கட்டித் தாளின் மேல் ஒற்றிவிட்டால் பிரச்சினை இல்லை.

சரி, ஒரே ஒரு பேட்தான் வாங்க முடியும் என்றால்? தண்ணீருக்கு அசையாத கறுப்பு மை வாங்குங்கள். ஆர்க்கைவல் என்ற பெயரில் ரேஞ்சர் விற்பது, சுகினேகோவின் வெர்சாஃபைன், இப்படிச் சில உண்டு. ஆபீஸ் பேடைவிடப் பல மடங்கு விலை. ஆனால் மிக்ஸ்டு மீடியாவில் ஸ்டாம்ப் அடிப்பது பெரும்பாலும் முதல் அடுக்கு. அதன் மேல் வாட்டர்கலர் வரும், பசை வரும், இன்னொரு தாள் வரும். அடியில் இருக்கும் கோடு ஓடினால் மேலே செய்தது எல்லாம் வீண். மேலே ஆல்கஹால் மார்க்கரால் நிறம் கொடுக்கிறவர்கள் மட்டும் மெமென்டோ மாதிரி அதற்கு ஒத்துப்போகும் மையைப் பார்க்க வேண்டும். எண்ணெய் கலந்த மைகள் பல அந்த மார்க்கரில் கலங்கிவிடும். தகடு, பிளாஸ்டிக், கண்ணாடி மேல் அடிக்க ஸ்டேசான் போன்ற சால்வென்ட் மை (தண்ணீருக்குப் பதில் கரைப்பானில் செய்தது) தனி. நெடி இருக்கும், குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதைத் திறக்காதீர்கள்.

பழுப்பு நிறத்துக்குப் பேடே வேண்டாம், தேயிலை இருக்கிறது. டஸ்ட் டீயைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறிய பின் அகலத் தூரிகையால் தாளில் தடவினால் பழைய கடிதத்தின் நிறம் வரும். காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு கொடுத்தால் இன்னும் ஆழம். ஈரமாக இருக்கும்போது துருப்பிடித்த ஆணியை அதன் மேல் வைத்துவிட்டுப் போங்கள். தேயிலையிலுள்ள டானினும் இரும்பும் சேர்ந்து சாம்பல் கறுப்பாக ஒரு கறை விழும். கடுக்காயையும் இரும்பையும் வைத்துத் துணியில் கறுப்பு அச்சடிக்கும் பழைய தொழிலில் இருப்பதும் இதே வேதியியல்தான். ஒரே குறை, இரும்பு விழுந்த இடத்தில் காலப்போக்கில் தாள் பலவீனமாகும். பரம்பரைக்கும் இருக்க வேண்டிய வேலையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இனி ஸ்டாம்ப். ஆன்லைனில் அதிகம் கண்ணில் படுவது கிளியர் ஸ்டாம்ப், அக்ரிலிக் கட்டையில் ஒட்டி அடிக்கும் கண்ணாடி போன்ற பாலிமர். அதன் சிறப்பு, எங்கே விழுகிறது என்பது அடிக்கும்போதே தெரியும். கட்டையிலிருந்து உரித்தால் சின்ன உறையில் அடங்கிவிடும். ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகி இறுகும், சால்வென்ட் மைக்கு மங்கிக் கெட்டுப்போகும். புதியது மையை ஏற்காமல் திட்டுத் திட்டாக அடிக்கும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டால் சரியாகும். அவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது அதிலுள்ள படங்கள்தான். பூசணிக்காயும் பனிமனிதனும் இங்கிலீஷ் பிறந்தநாள் வாழ்த்துமாக வருகிறது. பொங்கலுக்கு அட்டை செய்கிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இங்கேதான் ஊர் ரப்பர் ஸ்டாம்ப் கடை ஜெயிக்கிறது. கோர்ட், தாலுகா ஆபீஸ், பத்திரப் பதிவு அலுவலகம் இருக்கிற எந்த ஊரிலும் பக்கத்தில் ஒரு ஸ்டாம்ப் கடை இருக்கும். தலைமை ஆசிரியர் முத்திரையும் சங்கச் செயலாளர் முத்திரையும் செய்கிற அதே இயந்திரம் உங்கள் ஓவியத்தையும் செய்யும். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் நீங்களே வரைந்த படம் போதும். பென்சில் நிழல், சாம்பல் நிறம் எதுவும் எடுபடாது. சுத்தக் கறுப்பும் வெள்ளையும் மட்டும். முடியளவு கோடுகளும் வேண்டாம், அடிக்கும்போது அவை நசுங்கும். வலம் இடம் மாற்றுவதைக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். தமிழ் எழுத்து வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்பதை ங, ழ, ள எல்லாம் சுழித்துக் கையால் செதுக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கடையில் கேட்கும்போது ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இப்போது பலரும் தருவது மை உள்ளேயே ஊறியிருக்கும் ஃபிளாஷ் ஸ்டாம்ப். பேட் இல்லாமல் அடித்துக்கொண்டே போகலாம் என்பது ஆபீஸுக்கு வசதி. நமக்கு அது உதவாது, ஒரு நிறத்தோடு முடிந்துவிடும். “பேடில் தொட்டு அடிக்கிற பழைய ரப்பர் ஸ்டாம்ப், கைப்பிடி வேண்டாம், ரப்பர் மட்டும் கொடுங்கள்” என்று கேளுங்கள். விலையும் குறையும், ஒரே மரக்கட்டையில் மாற்றி மாற்றி ஒட்டியும் கொள்ளலாம். ரப்பர் என்பதால் எந்த மைக்கும் தாங்கும், கழுவித் துடைத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

கையால் செதுக்குவது மூன்றாவது வழி, எனக்கு மிகப் பிடித்தது. பென்சில் அழிக்கும் பெரிய ரப்பர், லினோ கத்தி (லினோலியம் தகட்டைச் செதுக்கி அச்சடிக்கிறவர்கள் வைத்திருப்பது), இவ்வளவுதான் வேண்டும். மலை ரயில் எஞ்சினைச் செதுக்கும் அளவு நுணுக்கம் ரப்பரில் வராது. தேயிலைக் கொழுந்து, வரையாட்டின் கொம்பு, மலைத்தொடரின் ஒரு வரி இதெல்லாம் அழகாக வரும். கடை ஸ்டாம்பில் இல்லாத ஒரு தடுமாற்றம் கோட்டில் இருக்கும், அதுதான் அழகு. லினோ தகட்டில் செதுக்குகிறவர்கள் மார்கழிக் குளிரில் கவனமாக இருக்க வேண்டும். குளிரில் லினோ விறைத்து, கத்தி வழுக்கி விரலில் இறங்கும். செதுக்கும் முன் சற்று நேரம் வெயிலில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். செதுக்கிய ரப்பரை பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே போடாமல் தாளில் சுற்றி வையுங்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்ட ரப்பரை எல்லோரும் பார்த்திருப்போம். ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் பொருள் பிளாஸ்டிக்கை இளக்குவதால் வருவது அது.

குழந்தைகளோடு செய்கிறவர்களுக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் இருக்கவே இருக்கின்றன, இந்த ஊரில் அதற்கா பஞ்சம். வெட்டிய பக்கத்தைத் துணியில் ஒற்றி நீரை எடுத்துவிட்டு, பேடுக்குப் பதில் போஸ்டர் கலர் தடவி அடியுங்கள். ஒரு நாள் தாங்கும். இலைகளும் அப்படியே. பாதையோரத்துப் பெரணி இலையில் மையைத் தடவி, மேலே பழைய தாள் போட்டு விரலால் அழுத்தினால் ஒவ்வொரு நரம்பும் பதியும். இலையின் அடியில் வெள்ளைப் பொடி படிந்த ஒரு பெரணி மலைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கையில் வைத்துத் தட்டினால் வெள்ளை அச்சு அப்படியே விழும். மையே வேண்டாத ஸ்டாம்ப்!

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்பேன். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூ வேலை வடிவங்களை ஸ்டாம்பாகச் செய்து அட்டையில் அடித்து விற்பது. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக இழை எண்ணித் தைக்கும் அந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சட்டம் எதுவரை போகும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். தைக்கிற பெண்கள் பக்கத்திலேயே இருக்கும்போது அவர்கள் வடிவத்தை ரப்பரில் எடுத்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அழகு வேண்டும் என்றால் அவர்களிடமே ஒரு துண்டு வாங்கி அட்டையில் தைத்துக்கொள்ளலாம். அதுவும் மிக்ஸ்டு மீடியாதானே.

தாளில், அடியில் இருக்கும் அடித்தாள், அதன் மேல் ஒட்டும் மேல்தாள் என்று இரண்டு. அடித்தாளில் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீர் விடப்போகிறீர்கள் என்றால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வாட்டர்கலர் தாள், வெறும் ஸ்டாம்பும் ஒட்டு வேலையும் என்றால் 220 முதல் 250 ஜிஎஸ்எம் ஐவரி அட்டை. சார்ட் பேப்பர் நம் ஈரத்தில் வாரம் திரும்புவதற்குள் வளைந்துவிடும். நுணுக்கக் கோட்டு ஸ்டாம்புக்கு மேடுபள்ளம் இல்லாத வாட்டர்கலர் தாளாகப் பார்த்து வாங்குங்கள். பருத்திக் கழிவில் செய்யும் கைத்தாளும் பலருக்கு ஆசை. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை 1959-லிருந்து இருக்கிறது. பூ இதழ் பதித்தது, மார்பிள் அலை போட்டது என்று வகை வகையாகப் பார்க்கலாம். ஆனால் கைத்தாளின் சொரசொரப்பில் கடை ஸ்டாம்பின் மெல்லிய கோடு விட்டு விட்டுத்தான் விழும். கையால் செதுக்கிய தடித்த வடிவமும் கைத்தாளும்தான் ஜோடி.

மேல்தாளுக்கு, அதாவது டிசைன் தாளுக்கு, 12 அங்குலச் சதுரமாக வரும் வெளிநாட்டு ஸ்கிராப்புக் தாள் கட்டு ஒன்று வாங்கினால் நிறமெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியே வரும். அமிலமில்லாத தாள், மஞ்சளாகாது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டி ஒட்டலாம். அதுவேதான் குறையும். யார் செய்தாலும் ஒரே அட்டையாக இருக்கும்.

நம் வீட்டில் இருக்கிற தாள்களைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை. கெட்டி அட்டை, பொன் தகடு அச்சு, ஓரமெல்லாம் மாங்காயும் மயிலும், மூலையில் மஞ்சள். ஒரு முகூர்த்த மாதம் போதும், வருடத்துக்கான டிசைன் தாள் சேர்ந்துவிடும். அப்புறம் சிவகாசிக் காலண்டர், பழைய அட்லஸ், பஸ் டிக்கெட், கணக்கு நோட்டின் கட்டம் போட்ட பக்கம், பஞ்சாங்கம். பஞ்சாங்கத்தின் கட்டங்களும் ராசிச் சக்கரமும் சின்ன எழுத்தும் சேர்ந்து தருகிற நெருக்கமான பின்னணியை எந்த வெளிநாட்டுத் தாளிலும் நான் பார்த்ததில்லை. பளபளக் காலண்டர் தாளிலும் தகட்டிலும் சாய மை, பிக்மென்ட் மை நிற்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதன் மேல் ஸ்டாம்ப் வேண்டும் என்றால் சால்வென்ட் மைதான், இல்லையென்றால் பிக்மென்டும் எம்பாசிங் பவுடரும்.

பஞ்சாங்கம், செய்தித்தாள் மாதிரி மலிவுத் தாளில் லிக்னின் என்கிற மரப்பொருள் நிறைய, வெளிச்சத்தில் பழுத்துப் பொடியும். அசலை ஒட்டாமல் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். ஜெராக்ஸிலும் லேசர் பிரின்டரிலும் டோனர் பொடியை உருக்கி ஒட்டுவதால் தண்ணீர் விட்டாலும் எழுத்து ஓடாது. இன்க்ஜெட் பிரின்ட் என்றால் பெரும்பாலும் ஓடும்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் பசையை அப்படியே கொட்டினால் மெல்லிய தாள் சுருங்கும், காயவும் நேரமாகும். மைதா கூழ் காய்ச்சி ஒட்டுகிற வழக்கம் மலையில் வேண்டவே வேண்டாம், பூஞ்சையையும் பூச்சியையும் கூப்பிட்டு வைப்பது மாதிரி. அட்டைகளுக்கு இரட்டைப் பக்க டேப் அல்லது குளூ ஸ்டிக். குறிப்பேட்டில் பெரிய தாள் ஒட்ட வெள்ளைப் பசையை மெல்லிய பூச்சாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, பட்டர் பேப்பர் போட்டு மேலே கனமான புத்தகம் வைத்துவிடுங்கள். செய்து முடித்தவற்றை மழை வாங்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் தாள் டப்பாவில் போட்டு வைக்கலாம்.

மே மாத மலர்க் கண்காட்சி சீசனில் விற்கலாம் என்று செய்கிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஒரே படத்தை நிறைய அடிக்க வேண்டியிருப்பதால் கையால் செதுக்கிய ரப்பர் தேய்ந்துவிடும். அதையே ஒரு முறை கறுப்பில் தெளிவாக அடித்துக் கடையில் கொடுத்து ரப்பர் ஸ்டாம்பாக மாற்றிக்கொள்ளுங்கள். கைக்கோட்டின் தடுமாற்றமும் கிடைக்கும், தேயவும் தேயாது. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் கண்ணாடிக் கவரை நம்பாமல் பட்டர் பேப்பரில் உறை மடித்துக்கொள்வது நல்லது, பார்க்கவும் அதுதான் அழகு. பிக்மென்ட் மையில் அடித்துப் பவுடர் போடாத அட்டைகளை மட்டும் உடனே உறைக்குள் நுழைக்காதீர்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உறைக்குள் போனதும் பட்டர் பேப்பரில் பாதிப் படம் ஏறிவிடும். இரண்டு நாள் விரித்து வைத்து, வெள்ளைத் தாளை மேலே ஒற்றி எடுத்துப் பார்த்து, கறை ஏறாத பிறகு மூடுங்கள்.